கூடப் படிக்கிறவருக்கு மனசு சரியில்லை என்றால்: சேலம் கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம், ஓமலூர், ஆத்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் மாணவர் நலக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போய் வருகிறேன். கூட்டத்தில் 'எனி டவுட்ஸ்?' என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் ஒவ்வொருவராக ஓரமாக வந்து கேட்பார்கள். கல்லூரி மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே தொகுத்து வைத்திருக்கிறேன். நான் சமூகப்பணி படித்தவள், மருத்துவர் இல்லை. எங்கே, யாரிடம் போவது என்று சொல்வேன். மருந்து சொல்ல மாட்டேன்.

இப்போதே உதவி தேவைப்படுகிறவர்கள் முழுவதையும் படிக்க வேண்டாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள்; எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

1. பியர் சப்போர்ட், பியர் சப்போர்ட்டுன்னு சொல்றீங்களேக்கா, நாங்க என்ன குட்டி டாக்டரா?

இல்லை. பியர் சப்போர்ட் என்றால் கூடப் படிக்கிறவரே துணையாக நிற்பது. ஒரே அறையில் தூங்குகிறவர், ஒரே பஸ்ஸில் வருகிறவர், ஒரே பெஞ்சில் உட்காருகிறவர் என்ற நெருக்கத்தை வைத்துக்கொண்டு மூன்று வேலை செய்யலாம்: கவனிப்பது, காது கொடுத்துக் கேட்பது, சரியான ஆளிடம் கூட்டிக்கொண்டு போவது. 'இது டிப்ரஷன்தான்' என்று பெயர் வைப்பதும், மாத்திரை பற்றி யோசனை சொல்வதும் உங்கள் வேலை இல்லை. ஆனால் இந்த மூன்றையும் உங்களைவிட நன்றாக வேறு யாரும் செய்ய முடியாது. பேராசிரியருக்கு ஒரு மாணவி வகுப்பு நேரத்தில் மட்டும்தான் தெரிவாள். ராத்திரி 2 மணிக்கு அவள் மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நாலாவதாக ஒன்றும் உண்டு. கஷ்டத்துக்குக் காரணம் கல்லூரியின் நடைமுறையே என்றால் அதை மாற்றச் சொல்லிக் கேட்பது. ஃபீஸ் கட்டாத ஒரு பெண்ணைத் தினமும் வகுப்பில் எழுப்பி நிற்க வைக்கிறார்கள் என்றால், அவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. இந்தத் தொகுப்பின் பின்பாதி அதைப் பற்றித்தான்.

2. சும்மா மூட் அவுட்டா, இல்ல நிஜமாவே மனசு சரியில்லையான்னு எப்படித் தெரியும்?

எத்தனை நாளாக என்று பாருங்கள், என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். ரிசல்ட் வந்த வாரம் அழுவதும், காதல் முறிந்து நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடப்பதும் இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், தூக்கம், பசி, படிப்பு, குளியல், பேச்சு எல்லாவற்றிலும் ஒருவர் பழைய ஆளாக இல்லை என்றால் கவனிக்க வேண்டும். எப்போதும் அமைதியாக இருப்பவர் அமைதியாக இருப்பது அறிகுறி ஆகாது. வாய் ஓயாமல் பேசுகிறவர் வாயடைத்துப் போவதும், சாது ஒருவர் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவதும்தான் அறிகுறி. பையன்களிடம் மனவருத்தம் பல நேரம் கோபமாகவும் குடியாகவும் வெளியே வரும். அதைத் 'திமிர்' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒரு விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை மதியம் எல்லாரும் ராசிபுரம், தர்மபுரி, வாழப்பாடி என்று ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். ஒருத்தி மட்டும் சில வாரங்களாகப் போகவில்லை. கேட்டால் 'அசைன்மென்ட் இருக்கு' என்பாள். குளியலறை வாசலில் அவள் வாளியில் ஊறப்போட்ட துணி நாள்கணக்கில் கிடந்து நாற்றமெடுத்தது. பக்கத்து அறைக்காரி திட்டுவதற்காகத்தான் போனாள். போன இடத்தில் மேஜை மேல் ரெக்கார்டு நோட்டு திறந்து கிடந்தது. ஒரு மாதமாக ஒரு பக்கம்கூட எழுதியிருக்கவில்லை. அவள் திட்டவில்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பேச்சுதான் பிறகு ஆஸ்பத்திரி வரை போனது.

யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது, எல்லாரும் சேர்ந்து தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள், ராத்திரி ராத்திரியாகத் தூங்காமலே படபடவென்று ஓடுகிறார் என்றால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டியது இது.

3. "ஆர் யூ ஓகே"ன்னு கேட்டா "ம்"னு சொல்லிட்டுப் போயிடறாங்க. பேச்சை எப்படி ஆரம்பிக்கிறது?

பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். நீங்கள் பார்த்ததைச் சொல்லிக் கேளுங்கள். 'ஒரு வாரமா மெஸ்ஸுக்கே வரலையேடா, என்ன ஆச்சு?', 'நேத்து லேப்ல அழுதுட்டிருந்த மாதிரி இருந்துச்சு. எங்கிட்ட சொல்லணும்னா சொல்லு.' முகத்துக்கு நேராக உட்கார்ந்து விசாரிப்பதைவிட, டீக்கடைக்கு நடந்து போகும்போதோ, தட்டுவடை செட் வாங்கக் காத்திருக்கும்போதோ, பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதோ கேட்பது பலருக்குச் சுலபமாக இருக்கிறது. அவர் பேசாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். 'சரி, எப்ப வேணா சொல்லு' என்று விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். முதல் முறை உண்மையைச் சொல்லாதவர்கள் இரண்டாம் முறை சொல்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். மறுபடியும் கேட்டதால்தான் சொல்கிறார்கள்.

பேச ஆரம்பித்துவிட்டால் நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். 'எல்லாருக்கும் இருக்கறதுதானே', 'உனக்கென்ன குறை', 'எனக்கும் போன வருஷம் இப்படித்தான்...' இந்த மூன்றும் வாயில் தானாக வரும். மூன்றுமே பேசுகிறவரை நிறுத்திவிடும். 'அப்புறம்?', 'எவ்வளவு நாளா இப்படி இருக்கு?', 'ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்' இவ்வளவு போதும். கடைசியில், 'இப்ப நான் என்ன பண்ணா உனக்கு உதவியா இருக்கும்?' என்று கேளுங்கள். பல நேரம் பதில் மிகச் சாதாரணமாக இருக்கும்: 'நாளைக்கு எச்.ஓ.டி.யைப் பார்க்கக் கூட வா.'

4. "செத்துடலாம் போல இருக்கு"ன்னு ஒருத்தர் சொல்றாங்க. அதைப் பத்திக் கேட்டா நாமளே தூண்டிவிட்ட மாதிரி ஆயிடாதா?

ஆகாது. இந்தப் பயம் எல்லாருக்கும் இருக்கிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. ஆய்வுகள் திரும்பத் திரும்ப இதையே காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு இருப்பவருக்கு, ஒருத்தராவது கேட்டாரே என்று பாரம் குறைகிறது. சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: 'தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணுதா?' 'ஆமாம்' என்றால் அடுத்து, 'எப்படி, எப்போன்னு யோசிச்சிருக்கியா?' திட்டம் இருக்கிறது, நாள் குறித்தாகிவிட்டது, அதற்கான பொருள் கையில் இருக்கிறது, முன்பே ஒருமுறை முயன்றிருக்கிறார் என்றால் அது அவசரம்.

அவசரம் என்றால் செய்ய வேண்டியது இது. அவரைத் தனியாக விடாதீர்கள், கழிப்பறைக்குப் போனாலும் வாசலில் ஒருவர் நில்லுங்கள். ஆபத்தான எதுவும் கையெட்டும் தூரத்தில் இல்லாமல் எடுத்துவிடுங்கள். இன்னொரு நண்பரை வைத்து வார்டனுக்கோ நம்பிக்கையான ஆசிரியருக்கோ சொல்லுங்கள். 14416-க்கு அழையுங்கள். ஏதாவது செய்துகொண்டுவிட்டார் அல்லது செய்யப் போகிறார் என்றால் 108. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவு ராத்திரியிலும் திறந்திருக்கும். எதையாவது சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னால், இப்போது நன்றாகத்தானே இருக்கிறார் என்று நம்பிக் காத்திருக்கவே கூடாது. சிலவற்றின் பாதிப்பு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் காலம் கடந்துவிடும்.

திட்டம் எதுவும் இல்லை, சும்மா வாழப் பிடிக்கவில்லை என்றுதான் சொல்கிறார் என்றாலும் அதைப் பேச்சோடு விட்டுவிட வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்க வையுங்கள், நீங்களும் கூடப் போங்கள்.

5. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணிட்டேன். இப்ப என்ன பண்றது?

உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்தச் சத்தியத்தை மீறத்தான் வேண்டும். மீறப் போகிறேன் என்று அவரிடமே முதலில் சொல்லுங்கள்: 'நீ எங்கிட்ட கோச்சுக்கிட்டாலும் பரவால்ல, இதை நான் தனியா வச்சுக்க முடியாது. யார்கிட்ட சொல்லலாம்னு நீயே சொல்லு.' யாரிடம் என்பதை அவரே தேர்ந்தெடுக்கும்போது துரோகம் செய்துவிட்டதாக அவருக்குத் தோன்றாது. தெரிய வேண்டிய ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் சொல்லுங்கள், வகுப்புக்கே சொல்லாதீர்கள்.

இனிமேல் ஒன்று செய்யுங்கள். யாராவது 'சொல்ல மாட்டேன்னு சொல்லு' என்று ஆரம்பித்தால், 'உன் உயிருக்கோ வேறொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன், மத்தபடி வெளியே போகாது' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதலாமாண்டில் சிலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். 18 வயது நிரம்பாதவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் தகவல் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சொல்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098. இதில் மாணவர் குழு தானாக எதையும் முடிவு செய்யாமல், உடனே பொறுப்பான பெரியவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

6. 14416-க்கு அடிச்சா யார் எடுப்பாங்க? வீட்டுக்குச் சொல்லிடுவாங்களா? போலீஸ் வருமா?

அது டெலி மானஸ் என்ற அரசு சேவை. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று இந்தியா முழுவதும் தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார். பேசுவது ரகசியமாகவே இருக்கும். சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பின் 044-24640050 எண்ணும் தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்காகவே இருக்கிறது.

போலீஸ் பயம், தற்கொலைக்கு முயல்வதே குற்றம் என்ற பழைய சட்டத்திலிருந்து வந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115-இன்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடுவார்கள், போலீஸ்காரர் ஒருவர் வந்து விவரம் கேட்கலாம். அதற்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாமல் அறையிலேயே வைத்திருப்பதுதான் உண்மையான ஆபத்து.

7. சேலத்துல நேர்ல பார்க்கணும்னா எங்க போறது? எவ்வளவு செலவாகும்?

நான் முதலில் சொல்வது ஜி.எச். தான். மேலே சொன்ன மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் காசு இல்லை. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். முதல் முறை போகிறவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்தே திரும்பிவிடுவார், அதனால் கட்டாயம் ஒருவர் கூடப் போக வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வெளியூர் அரசு மருத்துவமனைகளுக்கும் வந்து பார்க்கிறது. ஆத்தூர், மேட்டூர் பக்கத்து மாணவர்கள் தங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எந்த நாள் என்று விசாரித்துக்கொண்டு போனால் சேலம் வரை அலைய வேண்டாம்.

தனியாரிடம் போவதானால் ஒன்றை மட்டும் பாருங்கள். மாத்திரை எழுதுகிறவர் மனநல மருத்துவம் படித்த டாக்டராக இருக்க வேண்டும். ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழை மாட்டிக்கொண்டு 'லைஃப் கோச்' என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்களிடம் பிள்ளைகள் பணத்தை இழப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

8. மாத்திரை போட்டா பழக்கமாயிடும், பின்னாடி வேலை, கல்யாணம்னு வரும்போது பிரச்சனையாகும்னு வீட்ல சொல்றாங்க.

மனச்சோர்வுக்குப் பொதுவாகக் கொடுக்கும் மாத்திரைகள் போதைப் பழக்கம்போல ஆவதில்லை. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். அதற்குள் 'வேலை செய்யல' என்று நிறுத்துவதும், நன்றாகிவிட்டது என்று டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்துவதும்தான் தொல்லை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் பழக்கமாகக் கூடியவை, அதனால்தான் அவற்றைக் குறைந்த நாட்களுக்கு எழுதுவார்கள். நண்பருக்கு எழுதிய சீட்டை வைத்துத் தான் வாங்கிப் போடுவது கூடவே கூடாது. சிகிச்சை விவரத்தை மருத்துவர் வெளியே சொல்ல அதே 2017 சட்டம் அனுமதிப்பதில்லை.

9. வீட்ல சொன்னா "கோவிலுக்குப் போயிட்டு வா, எல்லாம் சரியாயிடும்"னு முடிச்சிடறாங்க.

கோவிலுக்கும் போகட்டும். கோட்டை மாரியம்மனிடம் வேண்டிக்கொள்வதால் யாருக்கும் கெடுதல் இல்லை. 'கோவிலுக்கும் போறேன், டாக்டரையும் ஒருதடவை பார்த்துடறேன்' என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பல வீடுகளில் ஒத்துக்கொள்கிறார்கள். 'மனநோய்' என்ற சொல்லோடு ஆரம்பித்தால் கதவு மூடிவிடும். 'மூணு வாரமா தூக்கமே இல்லம்மா, சாப்பிட முடியல, படிச்சது மண்டையில நிக்கல' என்று உடம்பில் தெரிவதிலிருந்து ஆரம்பியுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பெற்றோர் கல் நெஞ்சக்காரர்கள் என்று நினைக்கவும் வேண்டாம். கொண்டலாம்பட்டியில் தறி ஓட்டுகிறவரோ, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவரோ, தன் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போகும் பிள்ளை மேல் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார். பிள்ளைக்கு முடியவில்லை என்று கேட்டதும் அவருக்கு வருவது பயம். அது கோபமாக வெளியே வருகிறது. நேரடியாகப் பேச முடியாவிட்டால் ஒரு அத்தையோ சித்தப்பாவோ பெரியப்பா பையனோ இடையில் நிற்கட்டும். எந்த வீட்டிலும் சொன்னால் கேட்கும் ஒரு ஆள் இருப்பார்.

10. ஏற்காட்டுல இருந்து வர்ற பசங்க யார்கூடவும் ஒட்டவே மாட்டேங்குறாங்க. அவங்களை எப்படி அணுகறது?

அவர்கள் ஒட்டவில்லையா, நாம் ஒட்டவிடவில்லையா என்று முதலில் பாருங்கள். மலையில் மலையாளி பழங்குடிக் கிராமங்களிலிருந்தும் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் குடும்பங்களிலிருந்தும் வருகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, முதல் வாரமே பேச்சை வைத்தும் உடுப்பை வைத்தும் கேலி கேட்டால் யார் ஒட்டுவார்கள்? அந்தக் கேலி நிற்க வேண்டும், அதுதான் முதல் உதவி. அது மீறினால் கேள்வி 14-ஐப் பாருங்கள்.

நடைமுறைக் கஷ்டங்களும் உண்டு. சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் நீண்டால் மலைக்குப் பஸ் போய்விடும். உள்கிராமங்களில் சிக்னல் கிடைக்காது, அதனால் 'குரூப்ல போட்டோமே' என்பது அவர்களுக்குச் சேராது. சாதிச் சான்றிதழ் தாமதமானால் கல்வி உதவித்தொகையும் தாமதமாகும். ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் போன் எடுக்கவில்லை என்று விட்டுவிடாமல், அதே ஊர்ப் பக்கத்து இன்னொரு மாணவர் மூலம் விசாரியுங்கள். குழுவிலேயே மலையிலிருந்து வரும் ஒருவர் இருந்தால் இது எல்லாமே மாறிவிடும்.

11. எங்க காலேஜ்ல கவுன்சிலரே இல்ல. வெப்சைட்ல மட்டும் ஒரு பேர் இருக்கு. கேக்க முடியுமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவி ஒருவர் இறந்த வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வழிமுறைகள் வகுத்தது. தனிச் சட்டம் வரும்வரை அவை கட்டுப்படுத்தும். 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனத்தில் தகுதியான ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனம் வெளியிலுள்ள நிபுணரோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். டெலி மானஸ் உள்ளிட்ட உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி கொடுக்க வேண்டும்.

கேட்கும் விதம்தான் முக்கியம். 'மனநலத்துக்கு ஏதாவது செய்யுங்கள்' என்று எழுதினால், ஒரு நாள் கருத்தரங்கு வைத்து, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து முடித்துவிடுவார்கள். மூன்று கோரிக்கை மட்டும் எழுதுங்கள்: வாரத்தில் எந்த நாட்களில் எந்த அறையில் ஆலோசகர் இருப்பார் என்று அறிவிப்பது, விடுதித் தளம் ஒவ்வொன்றிலும் 14416 ஒட்டுவது, வார்டனுக்கும் வாட்ச்மேனுக்கும் பயிற்சி. முதல்வருக்கு எழுதி, அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். எண் ஒட்டுவதற்குக் காசே தேவையில்லை, அதை முதலில் கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஒன்று நடந்துவிட்டால் அடுத்ததைக் கேட்கத் தைரியம் வரும்.

12. கவுன்சிலர் இருக்காங்க. ஆனா சொன்னதெல்லாம் மறுநாளே எச்.ஓ.டி.க்குத் தெரிஞ்சிடுது.

இப்படி ஒருமுறை நடந்தால் அதற்குப் பிறகு அந்த அறைக்கு ஒருவரும் போக மாட்டார்கள். நிபுணரிடம் சொன்னதை உயிராபத்து போன்ற சில காரணங்களுக்கு மட்டும்தான் வெளியே சொல்லலாம். போகிறவர் முதலிலேயே, 'நான் பேசறது யாருக்கெல்லாம் போகும்?' என்று கேட்கட்டும். நேர்மையான ஆலோசகர் தெளிவாகப் பதில் சொல்வார். குழுவாகச் சேர்ந்து, ரகசிய விதியை எழுதி அறை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். ஆலோசகர் வேலையை அதே துறையின் ஆசிரியரிடம் கொடுக்கக் கூடாது என்றும் கேளுங்கள். இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். அதுவரை 14416-ஐ நம்பலாம்.

13. சார் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் மார்க்கைப் படிச்சு அசிங்கப்படுத்தறார். புகார் கொடுத்தா இன்டர்னல்ல கை வச்சிடுவாங்களே?

பயம் நியாயமானது. அது இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் இதில் தனி ஆளாக இறங்கக் கூடாது. மேலே சொன்ன உச்ச நீதிமன்ற வழிமுறைகளே மாணவர்களைப் பொதுவில் அவமானப்படுத்துவதைத் தவிர்க்கச் சொல்கின்றன, இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, அப்போது இருந்தவர்கள் என்று எழுதி வையுங்கள். முதல் படியாக அவரோடு நல்ல உறவில் உள்ள இன்னொரு ஆசிரியர் மூலம் சொல்லிப் பாருங்கள். பாதிக்குப் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. தீராவிட்டால் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதைவிட, 'மதிப்பெண்ணைத் தனித்தனியாகத் தர வேண்டும்' என்று எல்லா வகுப்புக்கும் பொருந்தும் கோரிக்கையாக, பலர் கையெழுத்தோடு கொடுங்கள். அப்போது யாரைப் பழிவாங்குவது என்று தெரியாது.

அதற்கும் மேலே போக வேண்டுமானால், யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதில் மாணவர் ஒருவரும் சிறப்பு அழைப்பாளராக இருப்பார். குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கு அது கருப்பூரில். உங்கள் கல்லூரிக் குழுவில் யார் யார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். பிரச்சனை வந்த பிறகு தேடினால் 'புதுசா அமைக்கணும்' என்பார்கள்.

14. ராகிங், பாலியல் தொல்லை இதெல்லாமும் அதே குழுகிட்டதானா?

இல்லை, வழி வேறு. ராகிங்குக்கு 1800-180-5522 என்ற 24 மணி நேர எண் இருக்கிறது. கல்லூரியில் ராகிங் தடுப்புக் குழுவும் உண்டு. மருத்துவ மாணவர் நாவரசு 1996-இல் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங்கைத் தனிச் சட்டம் போட்டுத் தடை செய்தது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. பாலியல் தொல்லைக்கு உள்ளகப் புகார்க் குழு. சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது 18 வயதைத் தாண்டியவரின் முடிவு, நண்பர்கள் அவசரப்படுத்தக் கூடாது. எப்படி இருந்தாலும் மெசேஜ், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழித்துவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். பெண்கள் உதவி எண் 181.

15. ஃபீஸ் பாக்கின்னு ஹால் டிக்கெட் தர மாட்டேங்குறாங்க. இதெல்லாமா மனநலம்?

இதுதான் மனநலம். பரீட்சைக்கு முந்தின வாரம் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவை. ஜவ்வரிசி ஆலையில் சீசன் இல்லை, அப்பாவுக்கு வேலை இல்லை, தவணை கட்ட முடியவில்லை என்பார்கள். அந்த மாணவருக்கு 'தைரியமா இரு' என்று சொல்வதைவிட, தவணை நீட்டிப்புக் கடிதம் எழுத உதவுவது பெரிய ஆறுதல். முதல் பட்டதாரிச் சலுகை, உதவித்தொகை, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் எல்லாம் அவருக்கு வருகிறதா, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். படிப்பை விடுகிறவரின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. வைத்தால் அதுவும் கேள்வி 13-இல் சொன்ன குழுவுக்குப் போக வேண்டிய குறைதான்.

16. எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் தற்கொலையால இறந்துட்டான். நாங்க என்ன பண்ணணும்?

முதலில், உங்களுக்கு என் ஆழ்ந்த வருத்தம். 'நேத்துதான் பேசினேன், எனக்குத் தெரியாமப் போச்சே' என்று எல்லாரும் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வீர்கள். ஒரு மரணத்துக்குக் காரணம் ஒரு பேச்சோ ஒரு ஆளோ மட்டும் இல்லை. அவன் எப்படி இறந்தான் என்பதை விவரமாகப் பேசுவதையும், கடைசி மெசேஜை ஃபார்வர்டு செய்வதையும், காரணம் இவள்தான் என்று பெயர் போடுவதையும் உடனே நிறுத்துங்கள். 'இப்ப நிம்மதியா இருப்பான்' என்ற ஸ்டேட்டஸும் வேண்டாம். ஏற்கெனவே துவண்டிருக்கும் இன்னொருவர் அதைப் படிப்பார்.

அவனோடு நெருக்கமாக இருந்தவர்கள், அவன் அறையில் இருந்தவர்கள், முன்பே மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள் எல்லாரையும் அடுத்த சில வாரம் ஒவ்வொருவராகப் பாருங்கள். அவர்களிடம் கேள்வி 4-இல் உள்ளதை நேரடியாகவே கேட்க வேண்டும். மறுநாளே டெஸ்ட் வைக்க வேண்டாம் என்றும், ஆலோசகரை வகுப்புக்கு அனுப்புங்கள் என்றும் கல்லூரியிடம் கேளுங்கள். பத்தாம் நாள் காரியத்துக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். வீட்டார் விரும்பினால் போங்கள்.

17. எல்லார் கஷ்டத்தையும் கேட்டுக் கேட்டு எனக்கே தூக்கம் வரமாட்டேங்குது.

அப்படியென்றால் இப்போது உதவி தேவைப்படுகிறவர் நீங்கள். குழுவில் யாரும் ஒருவரைத் தனியாகச் சுமக்கக் கூடாது. இரண்டு பேராக இருங்கள். ராத்திரி 10-க்கு மேல் போன் எடுக்க மாட்டேன், அவசரம் என்றால் 14416 என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அது கல்நெஞ்சம் இல்லை. கேட்டதை, பெயர் சொல்லாமல், குழுவின் பொறுப்பாளரிடம் வாரம் ஒருமுறை பேசி இறக்கி வையுங்கள். பரீட்சை நேரத்தில் ஒதுங்கி இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

18. அவன் எந்த உதவியும் வேண்டாம்னு சொல்றான். விட்டுடலாமா?

உயிராபத்து இருந்தால் அவன் வேண்டாம் என்றாலும் கேள்வி 4-இல் சொன்னபடிதான். அது இல்லை என்றால் முடிவு அவனுடையது, இழுத்துக்கொண்டு போக முடியாது. ஆனால் ஏன் வேண்டாம் என்கிறான் என்று கேளுங்கள். காசு, வீட்டுக்குத் தெரிந்துவிடும், 'பைத்தியம்' என்பார்கள், முன்பு ஒருமுறை போய் அவமானப்பட்டது என்று ஏதோ ஒன்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி உண்டு. மனநல டாக்டர் என்றாலே முடியாது என்கிறவர், தூக்கம் வரவில்லை என்று சாதாரண டாக்டரைப் பார்க்க ஒப்புக்கொள்வதும் உண்டு, அங்கிருந்து ஆரம்பிக்கலாம். நீங்களே 14416-க்கு அழைத்து, 'என் ஃபிரண்ட் இப்படி இருக்கான், நான் என்ன பண்ணணும்?' என்றும் கேட்கலாம்.

இதற்கிடையில் அவனைச் சாப்பிடக் கூப்பிடுவதை நிறுத்தாதீர்கள். வரமாட்டேன் என்றாலும் மறுநாளும் கூப்பிடுங்கள். யார் வண்டி, யார் கூட வருவது, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினால் ஓ.பி. சீட்டு கிடைக்கும் என்பதையெல்லாம் இப்போதே பேசி வைத்திருங்கள். 'சரி, போலாம்' என்று அவன் சொல்லும் நாளில் கையோடு கூட்டிப் போய்விட வேண்டும். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.